பறிகொடுத்தவர்களின் பாட்டு

'டென்னசி வால்ட்ஸ்' பாட்டில் நடப்பது இவ்வளவுதான். ஒருத்தி தன் காதலனோடு ஆடிக்கொண்டிருக்கிறாள். பழைய தோழி ஒருத்தி எதிர்ப்படுகிறாள். அவளைக் காதலனுக்கு அறிமுகம் செய்துவைக்கிறாள். அவர்கள் இருவரும் ஒரு சுற்று ஆடுகிறார்கள். அந்தச் சுற்று முடிவதற்குள் காதல் கைமாறிவிடுகிறது. பாடுகிறவளுக்கு மிஞ்சுவது அன்றிரவு ஒலித்துக்கொண்டிருந்த மெட்டு மட்டும். அந்த மெட்டின் பெயர்தான் டென்னசி வால்ட்ஸ். ஆண் பாடினால் தோழி தோழனாகிவிடுவாள்; அதற்கு ஓரிரு சொற்களை மாற்றினால் போதும்.

இதில் ஒரு புதிர் இருக்கிறது. அன்று கூடத்தில் ஒலித்த பாட்டும் நாம் கேட்கிற பாட்டும் ஒன்றுதானா? ஒன்றுதான் என்றால், காதல் பறிபோவதற்கு முன்பே அது பறிபோன கதையைப் பாண்டுக்காரர்கள் வாசித்திருக்கிறார்கள் என்றாகிறது. வேறு என்றால், அந்த முதல் டென்னசி வால்ட்ஸை நம்மில் எவரும் கேட்டதே இல்லை. கேட்கக் கிடைக்காத ஒரு பாட்டைப் பற்றிய பாட்டைத்தான் முக்கால் நூற்றாண்டாக நூற்றுக்கணக்கானோர் பாடிவருகிறார்கள். ஒருவர் பாடியதை இன்னொருவர் மறுபடி பாடும் கவர் பாடல்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் மூலம் எது, நகல் எது என்ற வழக்கு எழும். இந்தப் பாட்டோ மூலம் தொலைந்துபோனதையே தன் பொருளாக வைத்துக்கொண்டிருக்கிறது. பாட்டின் வரலாறும் ஏறக்குறைய அப்படியே நடந்தது என்பதுதான் வியப்பு.

1946ஆம் ஆண்டு. பீ வீ கிங்கும் ரெட் ஸ்டீவர்ட்டும் இசைக் கருவிகளை ஏற்றிய லாரியில் போய்க்கொண்டிருக்கிறார்கள். கிங் அக்கார்டியன் வாசிப்பவர், 'கோல்டன் வெஸ்ட் கௌபாய்ஸ்' குழுவின் தலைவர். ஸ்டீவர்ட் அந்தக் குழுவின் பாடகர், பிடில்காரர். வானொலியில் பாடகர் பில் மன்ரோவின் 'கென்டக்கி வால்ட்ஸ்' வருகிறது. கென்டக்கிக்கு ஒரு வால்ட்ஸ் இருக்கும்போது டென்னசிக்கு ஏன் யாரும் எழுதவில்லை என்று பேச்சு எழுகிறது. குழுவின் முகப்பிசையாக அவர்கள் வாசித்துவந்த மெட்டு ஒன்று இருந்தது. அதற்குப் பெயர் கிடையாது. 'பெயரில்லாத வால்ட்ஸ்' என்றே அழைத்தார்கள். அந்த மெட்டுக்கு ஸ்டீவர்ட் வரிகளை எழுதினார். எழுதக் கிடைத்தது ஒரு பெரிய தீப்பெட்டி. அதைப் பிரித்து அதன் பின்பக்கத்தில் எழுதினார்கள் என்று இருவரும் பிற்காலத்தில் சொன்னார்கள்.

ஆக, பிறவியிலேயே இது இன்னொரு பாட்டுக்கு எதிர்ப்பாட்டு. மெட்டு பழையது, பெயர் பக்கத்து மாநிலத்தின் மேல் பிறந்த செல்லப் பொறாமை. மெட்டின் சொந்தக்காரரும் டென்னசிக்காரர் இல்லை. கிங்கின் இயற்பெயர் ஜூலியஸ் ஃபிராங்க் அந்தோனி குச்சின்ஸ்கி. விஸ்கான்சின் மாநிலத்துப் போலிஷ் குடும்பத்துப் பிள்ளை. தந்தை போல்கா இசைக்குழு நடத்தியவர். கிங் என்ற பெயரும் கடன்தான். வால்ட்ஸ் மன்னன் என்று அன்றைக்குப் பெயரெடுத்திருந்த வெய்ன் கிங்கைப் பார்த்து வைத்துக்கொண்டது. மூன்றெண்ணிக்கைத் தாளம், நம் கணக்கில் திஸ்ரம், கன்ட்ரி எனப்படும் அமெரிக்கக் கிராமிய இசைக்குள் புகுந்த வழிகளில் ஒன்று இப்படிப்பட்ட குடியேறிகளின் கல்யாணக் கூடங்கள். தென்மாநிலத்துக் குதிரைக்காரன் உடையைப் போட்டுக்கொண்ட வடக்கத்திப் போலிஷ் இளைஞன் கொண்டுவந்த ஐரோப்பிய நடனத் தாளம், கன்ட்ரியின் தலைநகரான நாஷ்வில்லுக்கு அடையாளமாயிற்று.

வரிகளுக்குள் டென்னசியும் இல்லை. மலை இல்லை, ஆறு இல்லை, ஊர்ப்பெயர் இல்லை, பயிர் இல்லை. மாநிலத்தின் பெயர் மெட்டின் பெயருக்குள் மட்டும் உட்கார்ந்திருக்கிறது. ஊரைப் பாடுகிற பாட்டுகள் ஊரோடு நின்றுவிடும். இந்தப் பாட்டில் ஊருக்குப் பதிலாக ஒரு கூடமும் மூன்று மனிதர்களும் இருந்தார்கள். அந்தக் கூடம் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம்.

பாட்டை வாங்கியது ஆகஃப்-ரோஸ் பதிப்பகம். பாடகர் ராய் ஆகஃபும் பாடலாசிரியர் ஃபிரெட் ரோஸும் 1942இல் நாஷ்வில்லில் தொடங்கியது. ரோஸ் வரிகளில் சிறு திருத்தம் செய்தார். 1948 ஜனவரி முதல் இசைக்கலைஞர் சங்கம் ஒலிப்பதிவுகளை நிறுத்தப்போவதாக அறிவித்திருந்ததால், கம்பெனிகள் அதற்கு முன்பே அவசர அவசரமாகப் பதிவு செய்து குவித்தன. அந்த அவசரத்தில், 1947 டிசம்பரில், கிங்கின் குழுவும் ஆர்.சி.ஏ. விக்டருக்காக இதைப் பதிவு செய்தது. பாடியவர் ஸ்டீவர்ட். அதே சமயத்தில் கௌபாய் கோபஸ் என்ற பாடகரின் இசைத்தட்டும் வந்தது. 1948இல் இரண்டும் கன்ட்ரி பட்டியலில் நன்றாகவே ஏறின. ராய் ஆகஃபும் பாடினார். ஒரே ஆண்டில் ஒரே பாட்டு பல குரல்களில் விற்றது. இவற்றில் எது மூலம் என்று அன்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. கேட்பதற்கான சூழலே அன்றைய வணிகத்தில் இல்லை.

காரணம் சட்டத்தில் இருக்கிறது. அமெரிக்காவின் 1909ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம், தானே வாசிக்கும் பியானோக்களுக்கான காகிதச் சுருள்களை மனதில் வைத்து எழுதப்பட்டது. ஒரே கம்பெனி எல்லாப் பாட்டுகளையும் வளைத்துப் போட்டுக்கொண்டுவிடும் என்று நாடாளுமன்றம் பயந்தது. அதனால் ஒரு வழி செய்தார்கள். உரிமையாளர் ஒருமுறை ஒருவரைப் பதிவு செய்ய அனுமதித்துவிட்டால், பிறகு யார் வேண்டுமானாலும் அந்தப் பாட்டைப் பதிவு செய்யலாம். அன்று பிரதிக்கு இரண்டு சென்ட் கட்டினால் போதுமாக இருந்தது, அனுமதி கேட்கத் தேவையில்லை. கவர் பாடல் என்ற பழக்கத்தின் அடித்தளம் இந்த இரண்டு சென்ட். பாட்டு பாடகருடையது இல்லை. எழுதியவருக்கும் பதிப்பாளருக்கும் உரியது. ஊருக்கே வாடகைக்குக் கிடைக்கும்.

திரைப்பாட்டை ஒரு குரலோடு ஒட்டவைத்தே கேட்டுப் பழகிய நமக்கு இது விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் ஒரே கீர்த்தனையை ஒரு மார்கழியில் பத்துப் பேர் பாடினால் யாரும் நகல் என்பதில்லை. யார் பாடியது எப்படி இருந்தது என்றுதான் கேட்கிறோம். 1948இன் அமெரிக்க இசைத்தட்டுக் கடையும் கிட்டத்தட்ட அந்த மனநிலையில்தான் இருந்தது. ஒரு வேறுபாடு உண்டு. அங்கே ஒவ்வொரு பாடகருக்குப் பின்னாலும் ஒரு கம்பெனி நின்றது. எதிராளியின் வெற்றியைத் தானும் ஒரு தட்டு போட்டு ஈடுகட்டிக்கொள்வதற்குத்தான் கவர் என்று பெயர். அன்றைக்கு அது கடைக்காரர்களின் சொல், ரசிகர்களுடையது இல்லை.

அடுத்த திருப்பம் 1950இல் வந்தது. இந்தக் கதையில் எனக்கு மிக முக்கியமாகப் படுவதும் அதுதான். எர்ஸ்கின் ஹாக்கின்ஸ் அலபாமாவின் பர்மிங்ஹாமில் பிறந்த கறுப்பின இசைக்கலைஞர். டிரம்பெட் வாசிப்பவர், 'டக்ஸீடோ ஜங்ஷன்' என்ற ஸ்விங் காலத்து வெற்றிப் பாட்டை இயற்றியவர்களில் ஒருவர். பெரிய பாண்டுகளின் காலம் மங்கிக்கொண்டிருந்தபோது அவர் டென்னசி வால்ட்ஸைப் பதிவு செய்தார். வெள்ளையர்களின் கிராமத்துப் பாட்டு என்று முத்திரை குத்தப்பட்டிருந்ததை நகரத்துக் கறுப்பினத்தவர் கேட்கும் இசைக்குள் கொண்டுவந்தார். அந்தத் தட்டு 'பில்போர்ட்' பத்திரிகையின் ஜெர்ரி வெக்ஸ்லர் காதில் விழுந்தது. 'ரிதம் அண்ட் ப்ளூஸ்' என்ற பெயரை அந்தப் பத்திரிகையின் பட்டியலுக்குக் கொண்டுவந்தவர் அவர். பேட்டி பேஜின் மேலாளர் ஜாக் ரேலிடம், இதைக் கேட்டுப் பாருங்கள், உங்கள் பாடகிக்கு ஏற்ற பாட்டு என்று சொன்னார்.

பேட்டி பேஜின் இயற்பெயர் கிளாரா ஆன் ஃபௌலர். ஓக்லஹோமாவில் பதினொரு பிள்ளைகள் கொண்ட ஏழைக் குடும்பம். டல்சா நகர வானொலியில் 'பேஜ்' என்ற பால் கம்பெனி நடத்திய நிகழ்ச்சியில் பாடியதால் வந்தது அந்தப் பெயர். 1950 நவம்பரில் நியூயார்க்கில் பதிவு நடந்தது. மெர்க்குரி கம்பெனியின் நம்பிக்கையெல்லாம் தட்டின் மறுபக்கத்தில் இருந்த கிறிஸ்துமஸ் பாட்டின் மேல்தான். அதோடு போட்டிபோடாத ஏதாவது ஒன்று வேண்டும் என்று டென்னசி வால்ட்ஸைச் சேர்த்தார்கள். ஆண்டு முடிவதற்குள் சேர்க்கைப் பாட்டு நாட்டையே பிடித்துக்கொண்டது. பில்போர்ட் விற்பனைப் பட்டியலில் ஒன்பது வாரம் முதலிடம். விற்பனை லட்சங்களில் எண்ணும்படி ஆயிற்று. பின்னர் வந்த தட்டுகளில் கிறிஸ்துமஸ் பாட்டை எடுத்துவிட்டு வேறொன்றைப் போட்டார்கள். கை லொம்பார்டோ, ஜோ ஸ்டாஃபர்ட், லெஸ் பால் - மேரி ஃபோர்டு இணை என்று அதே மாதங்களில் மற்றவர்களும் இறங்கினார்கள். ஸ்பைக் ஜோன்ஸ் கேலிப் பதிப்பே போட்டார். ஆனாலும் நின்றது பேஜின் குரல்தான்.

அந்தப் பதிவில் பேஜுக்குத் துணையாகப் பாடுவதும் பேஜேதான். பக்கக் குரலுக்கு ஆள் வைக்கப் பணம் போதாமல் 1947இல் அவர் தன் குரலின் மேல் தன் குரலையே ஏற்றிப் பாடத் தொடங்கினார். பிறகு அதுவே அவர் அடையாளமாயிற்று. டென்னசி வால்ட்ஸில் அந்த உத்தி செலவுக் கணக்கைத் தாண்டிப் போய்விட்டது. இழப்பைச் சொல்லும் குரலோடு கூடவே வரும் குரலும் அவளுடையது. ஆறுதல் சொல்ல வேறு ஆள் இல்லாதவளின் பாட்டு அது. கிங்கின் தட்டில் ஸ்டீவர்ட் பாடும்போது பக்கத்தில் அக்கார்டியனும் பிடிலும் நண்பர்கள் மாதிரி நிற்கின்றன. நடந்ததை நாலு பேருக்குச் சொல்கிறான் அவன். பேஜ் யாருக்கும் சொல்வதில்லை. கம்பெனிகள் எதிராளியின் பாட்டை மறைக்கப் போட்ட தட்டுகளில் இது பாட்டையே வேறொன்றாக்கிவிட்டது.

இப்போது கேட்கலாம்: இந்தக் கைமாற்றத்தில் பறிகொடுத்தவர் யார்?

பீ வீ கிங் என்று தோன்றும். அவர் பாட்டை இன்னொருத்தி அழைத்துக்கொண்டு போய்விட்டாள். ஆனால் அவரும் ஸ்டீவர்ட்டும் எழுதியவர்கள். பேஜின் ஒவ்வொரு தட்டுக்கும் வந்த காசில் அவர்களுக்கும் பதிப்பகத்துக்கும் பங்கு இருந்தது. வானொலியில் ஒலிக்கும்போதும் அப்படியே, அமெரிக்காவின் ஏ.எம்., எஃப்.எம். நிலையங்கள் பாட்டை எழுதியவருக்குப் பணம் தரும், பாடியவருக்கு இன்றுவரை தருவதில்லை. பறிகொடுக்கப் பறிகொடுக்கப் பணக்காரரானார் கிங். இந்த ஒரு பாட்டு ஆகஃப்-ரோஸை நியூயார்க் கம்பெனிகளின் வாசலுக்குக் கொண்டுபோயிற்று. அந்த வழியில்தான் அதே பதிப்பகத்துக்கு எழுதிய கன்ட்ரி பாடகர் ஹேங்க் வில்லியம்ஸின் 'கோல்ட், கோல்ட் ஹார்ட்' 1951இல் பாப் பாடகர் டோனி பென்னட்டின் குரலில் முதலிடம் பிடித்தது. நாஷ்வில் பாட்டு எழுதி ஊருக்கெல்லாம் விற்கிற நகரமாக மாறியதில் பேஜின் தட்டுக்குக் கணிசமான பங்கு உண்டு.

பறிகொடுத்தவர் ஹாக்கின்ஸ். கன்ட்ரி வட்டத்துக்கு வெளியேயும் இந்தப் பாட்டுக்குக் காது உண்டு என்று காட்டியது அவர் தட்டு. வெக்ஸ்லருக்குப் பொறி தட்டியது அதில்தான். ஆனால் அவர் எழுதியவர் அல்லர், வாசித்தவர். வாசிக்கும் விதத்துக்குச் சட்டத்தில் உரிமை கிடையாது. ஒலிப்பதிவுக்கே அமெரிக்க மத்தியச் சட்டத்தில் தனி உரிமை 1972இல்தான் வந்தது. அதற்குப் பிறகும்கூட, ஒருவர் வாசித்ததைக் கேட்டு இன்னொருவர் அதுபோலவே புதிதாக வாசித்துப் பதிவு செய்வதைத் தடுக்க வழியில்லை. பாட்டுக்குள் இருக்கும் கதையை இந்த இடத்தில் நினைத்துப் பார்க்க வேண்டும். அங்கே இழப்பவள் அறிமுகம் செய்துவைத்தவள்தான். தோழியைக் காதலன் தானாகக் கண்டுபிடிக்கவில்லை. இவள் கையைப் பிடித்து அழைத்துவந்து காட்டினாள். கவர்களின் வரலாற்றை வெற்றிபெற்றவர்களின் வரிசையாகவே எழுதிவிடுகிறோம். அறிமுகம் செய்துவைத்தவர்களின் வரிசையாக எழுதினால் அதில் ஹாக்கின்ஸின் பெயர் மேலே இருக்கும்.

பாட்டு அமெரிக்காவைத் தாண்டியதும் இப்படி ஓர் அறிமுகத்தால்தான். போருக்குப் பிந்தைய ஜப்பானில் அமெரிக்க ராணுவ முகாம்களில் சிறுவயதிலிருந்தே பாடிக்கொண்டிருந்தவர் சியெமி எரி. 1952 ஜனவரியில் அவருடைய முதல் இசைத்தட்டாக டென்னசி வால்ட்ஸ் வெளிவந்தது. அந்த மாதம் அவருக்குப் பதினைந்து வயது நிறைந்தது. ஜப்பானிய மொழியும் ஆங்கிலமும் கலந்து பாடினார். ஆக்கிரமிப்புப் படைகளின் ஆட்சி முடிய இன்னும் மூன்று மாதம் இருந்தது. வென்றவர்களின் முகாமில் பாடிய சிறுமி, வென்றவர்களின் பாட்டைத் தோற்றவர்களின் மொழியில் பாடினாள். நாடு முழுவதும் அது தன் பாட்டு என்றே எடுத்துக்கொண்டது. காதலைப் பறிகொடுத்துவிட்டு அந்த இரவின் மெட்டை மட்டும் வைத்துக்கொண்டிருப்பவளின் கதை, அந்த ஆண்டின் ஜப்பானில் வேறு என்னென்ன இழப்புகளைத் தொட்டிருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை.

எரி 1959இல் நடிகர் கென் தகாகுராவை மணந்தார். 1971இல் பிரிந்தார்கள். 1982இல், தன் நாற்பத்தைந்தாம் வயதில், எரி இறந்துபோனார். 1999இல் வந்த 'பொப்போயா' படத்தில் ஹொக்கைடோவின் பனிக்குள் தனியாக வாழும் ரயில் நிலைய அதிகாரியாகத் தகாகுரா நடித்தார். மனைவியை இழந்த அந்த மனிதரின் நினைவோடு படத்தில் ஒட்டிவருவது டென்னசி வால்ட்ஸின் மெட்டு. ஜப்பானியப் பார்வையாளர்களுக்கு அது யாருடைய பாட்டு என்று சொல்லவேண்டிய தேவை இருக்கவில்லை. பேட்டி பேஜின் நினைவு அங்கே யாருக்கும் வந்திருக்காது. பதினைந்து வயதுச் சிறுமியின் குரல்தான் அவர்களுக்கு மூலம்.

அமெரிக்காவில் பாட்டு மீண்டும் கறுப்பினப் பாடகர்களின் கைக்கு வந்தது. சாம் குக் 1964இல் இதைத் துள்ளலான நான்கெண்ணிக்கைப் பாட்டாக மாற்றினார். வால்ட்ஸ் என்று பெயர் சொல்லிக்கொண்டே வால்ட்ஸின் தாளத்தைக் கழற்றி வைத்துவிட்டார். குடிமை உரிமைப் போராட்டத்தின் கீதமாகப் பின்னால் புகழ்பெற்ற 'எ சேஞ்ச் இஸ் கானா கம்' இருக்கும் அதே இசைத்தொகுப்பில் இதுவும் இருக்கிறது. காதலியை இழந்தவன் அழுதுகொண்டிருக்க வேண்டும் என்று யார் சொன்னது என்பதுபோல் பாடுகிறார் குக். 1966இல் ஓடிஸ் ரெடிங் பாடியபோது அழுகை திரும்பிவந்தது. ஆனால் அது பேஜின் அடக்கமான அழுகை இல்லை. மெம்ஃபிஸ் நகரின் ஸ்டாக்ஸ் ஒலிப்பதிவுக் கூடத்துப் பித்தளைக் கருவிகள் பின்னால் நிற்க, இழந்ததைக் கேட்டு வாங்கப் புறப்பட்டவனின் குரல் அது. மெம்ஃபிஸும் டென்னசியில்தான் இருக்கிறது. மாநிலத்தின் பெயரைத் தாங்கிய பாட்டு அந்த மாநிலத்துக் கறுப்பின இசையின் வாசலுக்கு இருபது ஆண்டு கழித்து வந்துசேர்ந்தது.

இரண்டுக்கும் நடுவே, 1965இல், டென்னசி அரசு இதைத் தன் அதிகாரபூர்வ மாநிலப் பாடல்களில் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. மாநிலப் பாட்டு என்றால் வீரம், வளம், மலைகள் என்று எதிர்பார்ப்போம். இவர்கள் தேர்ந்தெடுத்ததோ நம்பிய சிநேகிதி காலை வாரிய கதை. அரசாங்கங்கள் அபூர்வமாகத்தான் இவ்வளவு நேர்மையாக இருக்கின்றன. ஏற்கெனவே உலகம் பாடிக்கொண்டிருந்த பாட்டை மாநிலம் பின்னால் ஓடிவந்து தனதென்று பதிவு செய்துகொண்டது என்பதுதான் உண்மை. பெயரைக் கொடுத்ததைத் தவிர இந்தப் பாட்டுக்கு டென்னசி செய்தது குறைவு. பெயர் இரவல் கொடுத்தவர் புகழை வட்டியாக வாங்கிக்கொண்டார்.

கவிஞரும் பாடகருமான லெனர்ட் கோஹன் இளமையில் மாண்ட்ரியலில் 'பக்ஸ்கின் பாய்ஸ்' என்ற கன்ட்ரி குழுவில் இருந்தவர். 1985இல் சுவிட்சர்லாந்தின் மாண்ட்ரோ இசைவிழாவில் இந்தப் பாட்டைப் பாடினார். 2004இல் வெளிவந்த 'டியர் ஹெதர்' தொகுப்பின் கடைசிப் பாட்டாக அந்த மேடைப் பதிவையே வைத்தார். தானே எழுதிய ஒரு சரணத்தையும் சேர்த்திருந்தார். கவர் பாடல் விமர்சகர்கள் இதைத் துணிச்சல் என்பார்கள். எனக்கு இது பாட்டின் இயல்புக்கே உகந்ததாகத் தோன்றுகிறது. தீப்பெட்டியின் பின்பக்கத்தில் எழுதியது, பதிப்பாளர் திருத்தியது, ஆண்கள் பெண்களுக்காகவும் பெண்கள் ஆண்களுக்காகவும் சொல் மாற்றியது, ஜப்பானில் இரண்டு மொழி ஆனது. முடிந்துபோன வடிவம் என்று ஒன்று இதற்கு எப்போதுமே இருந்ததில்லை. எழுதுவதற்கு இடம் மிச்சமிருந்தது. ஒரு கவிஞர் எழுதிவிட்டுப் போனார்.

எந்தக் கவர் சிறந்தது என்ற கேள்வியை இந்தப் பாட்டிடம் கொண்டுபோவதில் பயனில்லை. அதைவிட, யார் யாருக்கு இதை அறிமுகம் செய்துவைத்தார்கள், அதற்கு என்ன விலை கொடுத்தார்கள் என்று கேட்கலாம். மன்ரோ கிங்குக்கு, கிங் ஹாக்கின்ஸுக்கு, ஹாக்கின்ஸ் வெக்ஸ்லர் வழியாகப் பேஜுக்கு, அமெரிக்க முகாம்கள் எரிக்கு. இதில் எழுதியவர்களுக்குச் சட்டம் கூலி கொடுத்தது, பாடியவர்களுக்குப் புகழ் கிடைத்தது, நடுவில் நின்று கைகாட்டியவருக்கு அடிக்குறிப்பு கிடைத்தது. ஹாக்கின்ஸ் வாசிக்காமல் விட்டிருந்தால் இது 1948இன் கன்ட்ரி பட்டியலில் ஏறி இறங்கிய பல பாட்டுகளில் ஒன்றாகப் போயிருக்கக்கூடும். தன்னிடம் இருப்பதை இன்னொருவருக்குக் காட்டாமல் பூட்டிவைத்த பாட்டு எதுவும் பிழைத்ததில்லை. காட்டியவருக்கு அது திரும்பக் கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை. பேஜின் தட்டைத் தேடிக் கேட்பவர்கள் அதற்கு முன் ஹாக்கின்ஸின் தட்டை ஒருமுறை கேட்டுவிட்டு வருவது, கடனைக் கொஞ்சமாவது அடைத்த மாதிரி இருக்கும்.